குசினிக் கேள்வி பதில்: ஓவன் கறை முதல் சிங்க் அடைப்பு வரை

*கேள்வி: மேசையில் வைக்கும் 40 லீற்றர் மின்சார ஓவன். மூன்று வருடமாகக் கோழி ரோஸ்டும் கேக்கும் மாறி மாறிச் செய்கிறோம். உட்சுவர் முழுவதும் மண்ணிறக் கறை. சவர்க்காரம் போட்டு உரஞ்சினால் கைதான் நோகிறது. அப்பச்சோடாவின் மேல் வினாகிரி ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கறை கழரும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். நான் செய்தபோது நுரைத்தது, கழரவில்லை. நத்தார் கேக்குக்கு முன் இதைச் சுத்தமாக்க வேண்டும்.*
— வாசகி, வெள்ளவத்தை

நுரை வந்ததும் உண்மை, கறை போகாததும் உண்மை. அப்பச்சோடா மெல்லிய காரம் (மிளகாய்க் காரம் அல்ல, பாடசாலையில் படித்த அமிலம்–காரம்), வினாகிரி புளிப்பு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீரும் வாயுவும்தான். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவே.

உங்கள் ஓவனில் இருப்பது சாதாரண எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. எண்ணெய் மெல்லிய படையாகத் தெறித்துத் திரும்பத் திரும்பச் சூடேறும்போது வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. புதுத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குகிறோமே, அதே வேலைதான். அங்கே வேண்டும் என்று செய்கிறோம், இங்கே வேண்டாமலே நடந்துவிட்டது. அதனால் பாத்திரம் கழுவும் திரவம் இதில் ஏறாது. காரமும் ஈரமும் சேர்ந்து பல மணி நேரம் ஊறினால்தான் இளகும். கைப்பலத்துக்கு இதில் அதிக வேலை இல்லை.

முதலில் சூடு தாங்கும் சின்னப் பாத்திரம் ஒன்றில் இரண்டு கோப்பை கொதிநீர் வைத்து, 120 பாகையில் 20 நிமிடம் ஓவனை ஓடவிடுங்கள். ஆவியில் மேற்படை தளரும். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கை வைக்கக்கூடிய இளஞ்சூட்டுக்கு வந்ததும் தட்டு, கம்பித்தட்டு, அடியிலுள்ள துகள் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துகள் தட்டு என்று ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. பாண்தூளும் சீஸும் அங்கே விழுந்து கருகித்தான் பாதிப் புகை வருகிறது.

அடுத்தது பசை. அப்பச்சோடா 100 கிராம், தண்ணீர் 3 மேசைக்கரண்டி. போதாவிட்டால் இன்னும் ஒன்று. தோசைமாப் பதத்தில் இருந்தால் வழிந்துவிடும், பற்பசைப் பதம் வேண்டும். பழைய பெயின்ற் பிரஷ்ஷால் சுவரிலும் கதவின் உட்புறத்திலும் தடவுங்கள். மூன்று இடங்களில் மட்டும் படக்கூடாது: சூடேற்றும் கம்பிகள், கதவைச் சுற்றியுள்ள றப்பர் அல்லது நார்ப்பட்டி, பின்சுவரிலோ பக்கச்சுவரிலோ பென்சில் மொத்தத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் குச்சி. அந்தக் குச்சிதான் தெர்மோஸ்டாட்டின் உணர்கருவி. துடைக்கும்போது அது வளைந்தாலோ கிளிப்பிலிருந்து கழன்று சுவரில் முட்டினாலோ, 180இல் வைத்தாலும் உள்ளே வேறு சூடுதான் இருக்கும். “சுத்தம் செய்த பிறகு கேக் கருகுகிறது” என்ற முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பசையை இரவு முழுக்க விடுங்கள், 10 முதல் 12 மணி நேரம். பசை காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் அவ்வளவு விரைவாகக் காயாது, ஆனால் மின்விசிறிக்குக் கீழே ஓவன் இருந்தால் காயும். படுக்கப்போகும் முன் ஒரு முறை தண்ணீர் தெளித்து, கதவை மூடிவிடுங்கள்.

காலையில் பசை மண்ணிறமாகியிருக்கும். காலாவதியான வங்கி அட்டையின் ஓரத்தால் வழித்தெடுங்கள். கம்பிப் பஞ்சு வேண்டாம். எனாமல் கீறுப்பட்டால் வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அந்தக் கீறலில் கறல் பிடிக்கப் பல நாள் எடுக்காது. பிறகு பிழிந்த ஈரத்துணியால் நாலைந்து முறை துடைக்க வேண்டும். வெள்ளைப் பூச்சு மிச்சமிருந்தால், வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து இப்போது துடைக்கலாம். வினாகிரிக்கு இங்கே உள்ள வேலை அது ஒன்றுதான்.

மூன்று வருடக் கறை ஒரே இரவில் முழுதாகப் போகாது. மூலைகளிலும் மேற்சுவரிலும் மிஞ்சும். அங்கே மட்டும் இன்னொரு இரவு. முடிந்தபின் யன்னலைத் திறந்துவைத்து, வெறும் ஓவனை 150 பாகையில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். இதைச் செய்யாமல் நேரே கேக்கை வைத்தால் மிச்சப் பிசுக்கின் மணம் கேக்கில் ஏறும். நத்தார் கேக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக உள்ளே இருப்பது. வெண்ணெயும் முட்டை மஞ்சளும் மணத்தை இழுத்துப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

கம்பித்தட்டுகளுக்குப் பெரிய பேசினில் 5 லீற்றர் சுடுநீர், சலவைச் சோடா 2 மேசைக்கரண்டி, பாத்திரத் திரவம் சிறிது. ஓர் இரவு ஊறட்டும். கையுறை போடுங்கள். இனிக் கறை பிடிக்காதிருக்க அடியில் அலுமினியத் தாள் விரிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். மேசை ஓவனில் அடிக்கம்பி தாளுக்கு மிக அருகில் இருக்கிறது, சூடு திரும்பி அடித்து அடிப்பாகம் கெடும். கோழி வைக்கும்போது உயரமான விளிம்புள்ள தட்டில் வைத்து, தட்டில் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றினாலே தெறிப்புப் பெருமளவு குறையும்.

*கேள்வி: ஓவனை நன்றாகக் கழுவித் துடைத்தேன். மறுநாள் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. ட்ரிப் சுவிட்சைத் தூக்கினால் திரும்ப விழுகிறது. ஓவன் பழுதா?*
— வாசகர், கொட்டாஞ்சேனை

பெரும்பாலும் ஈரம். சூடேற்றும் கம்பிக்குள் இருக்கும் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஒட்சைட் என்ற வெள்ளைத் தூள் அடைக்கப்பட்டிருக்கும். கரண்ட் வெளியே கசியாமல் தடுப்பது அதுதான். அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். கம்பியின் நுனியில் தண்ணீர் பட்டாலோ, மாரியில் மாதக்கணக்காகப் போடாமல் வைத்தாலோ கரண்ட் மெல்லக் கசிந்து ட்ரிப் சுவிட்சை விழுத்தும். வீடுகளில் பொருத்தும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழ வேண்டும், அதாவது அது தன் வேலையைத்தான் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேரே இணைக்கும் “கெட்டித்தனம்” உயிருக்கு ஆபத்து.

பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து, ஒரு முழுநாள் வெயிலிலோ மின்விசிறிக்கு முன்னாலோ வையுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் மின்னியலாளரிடம் கொடுங்கள், மூன்றாம் முறை நீங்களே முயல வேண்டாம். பிளக்கையும் ஒரு தரம் கவனியுங்கள். 2000 வாற் ஓவன் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பொயின்டில் அடப்டர் வைத்துக் குத்தியிருந்தால் பிளக்கின் கால் கறுத்திருக்கும். 13 அல்லது 15 அம்பியர் பொயின்ட் வேண்டும்.

*கேள்வி: கடையில் வாங்கிய ஓவன் கிளீனர் ஸ்பிரேயை அலுமினியத் தட்டுகளுக்கும் அடித்தேன். கறை போய்விட்டது, ஆனால் தட்டு கன்னங்கறேல் என்று ஆகிவிட்டது. இனிப் பாவிக்கலாமா?*
— வாசகி, தெஹிவளை

போத்தலின் பின்புறத்தைப் பாருங்கள். சோடியம் ஐதரொட்சைட், அதாவது கோஸ்டிக் சோடா என்று இருக்கும். கொழுப்பைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடும் அளவு பலமான காரம். எனாமலுக்குச் சரி. அலுமினியத்தையோ அது அரித்தே விடும். அடித்தவுடன் குமிழி வந்திருக்குமே, அது கறை கரைந்ததால் அல்ல, உலோகம் கரைந்ததால் வந்தது.

கறுப்பு மேற்படை மட்டும் என்றால் மீட்கலாம். தட்டை அடுப்பில் வைத்து நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று தேசிக்காயின் சாறோ சின்ன உருண்டைப் பழப்புளியோ போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெளுக்கும். நகத்தால் தடவினால் குழி குழியாகத் தட்டுப்பட்டால் எறிந்துவிடுங்கள். அடுத்த முறை இந்த ஸ்பிரேயை எனாமலுக்கு மட்டும் அடியுங்கள், யன்னல் திறந்து, கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு. இன்னொன்று: எந்தக் கிளீனரோடும் பிளீச்சைக் கலக்க வேண்டாம். வினாகிரியோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குசினியில் அது விளையாட்டல்ல.

*கேள்வி: ஓவன் கதவின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் மண்ணிறமாக வழிந்து நிற்கிறது. உள்ளேயும் எட்டவில்லை, வெளியேயும் எட்டவில்லை.*
— வாசகி, பம்பலப்பிட்டி

கதவின் மேல் விளிம்பிலுள்ள காற்றுத் துளைகளால் இறங்கிய எண்ணெய் அது. அலுமாரிக்குள் பொருத்திய பெரிய ஓவன் என்றால் கதவையே கழற்றலாம். கதவை முழுதாகத் திறந்து, இரண்டு பிணைச்சலிலும் உள்ள சின்னக் கொக்கியை மேலே மடித்து, கதவைப் பாதி மூடி, இரு கையாலும் தூக்குங்கள். பாரமாக இருக்கும். துணி விரித்த மேசையில் வைத்து ஓரத் திருகாணிகளைக் கழற்றினால் உட்கண்ணாடி வரும். எந்தப் பக்கம் உள்ளே இருந்தது என்று பேனையால் குறித்துவையுங்கள், சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் சூட்டைத் திருப்பும் பூச்சு இருக்கும்.

மேசை ஓவன்கள் பலவற்றில் இதைக் கழற்ற வழியே இல்லை. அப்படியானால் துணி சுற்றிய நீட்டு ஈர்க்கைத் துளையால் விட்டுப் பார்க்கலாம். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள், அந்தக் கறை சாப்பாட்டைத் தொடாது. ஆனால் சூடான கண்ணாடியில் பச்சைத்தண்ணீர்த் துணியை வைக்கவும் கூடாது, கம்பிப் பஞ்சால் தேய்க்கவும் கூடாது. உரமேற்றிய கண்ணாடி கீறுப்பட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. எப்போதாவது சூட்டில் திடீரென நொறுங்கும்.

*கேள்வி: மைக்ரோவேவில் கருவாடு சூடாக்கினேன். மணம் போகவில்லை.*
— வாசகர், கிராண்ட்பாஸ்

ஒரு கோப்பை தண்ணீரில் தேசிக்காய் ஒன்றை வெட்டிப் போட்டு, ஒரு மரக்கரண்டியையும் உள்ளே நிறுத்தி 3 நிமிடம் ஓடவிடுங்கள். கரண்டி இல்லாவிட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் மிகையாகச் சூடேறி, எடுக்கும்போது முகத்துக்குப் பொங்கலாம். 5 நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டுத் துடையுங்கள். சுழலும் தட்டையும் அதன் கீழுள்ள சில்லையும் எடுத்துக் கழுவுங்கள், மணம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

*கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த மின்கேத்தலின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாக இறுகியிருக்கிறது. அப்பச்சோடா போட்டும் போகவில்லை.*
— வாசகி, கல்கிசை

போகாது. சுண்ணாம்பு போல அல்ல, சுண்ணாம்பேதான். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது, அதனால் வன்னீர். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையில் எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிப்பது, மென்னீர். இங்கே புதிதாகப் படியாது, பழையதைத்தான் கரைக்க வேண்டும். அதற்குப் புளிப்பு வேண்டும், சோடா உதவாது. வினாகிரியும் தண்ணீரும் சம அளவு ஊற்றிக் கொதிக்கவைத்து, அணைத்து, அரை மணி நேரம் விடுங்கள். படிவிலிருந்து சின்னச் சின்னக் குமிழி எழும். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தரம் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டுத் தேநீர் போடலாம்.

*கேள்வி: குசினி சிங்க் அடிக்கடி அடைக்கிறது. எண்ணெய் ஊற்றுவதே இல்லை. கொதிநீர் ஊற்றினால் சரியாகுமா?*
— வாசகர், மட்டக்குளி

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழேதான் உறையும். நுவரெலியாவில் அதைக் குற்றம் சொல்லலாம், மட்டக்குளியில் முடியாது. இங்கே முதல் குற்றவாளி சோறு வடித்த கஞ்சி. குழாயில் ஆறிக் கூழாக நின்று, அதில் தேங்காய்ச் சக்கையும் பருப்புத் தோலும் ஒட்டிக்கொள்கின்றன. கொதிநீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகி இணைப்பு நெகிழும். கை பொறுக்கும் சூடு போதும்.

சிங்கின் கீழே கோப்பை வடிவிலோ வளைவாகவோ உள்ள பாகத்தின் கீழ் ஒரு வாளி வைத்து, கையாலேயே இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். அடைப்பு பெரும்பாலும் அதற்குள்தான். பழைய பற்பிரஷ்ஷால் கழுவி, றப்பர் வளையம் இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். வளையம் புரண்டிருந்தால் சொட்டும். அசிட்டோ கோஸ்டிக்கோ ஊற்றியும் சரிவராமல் பிளம்பரைக் கூப்பிட்டால், என்ன ஊற்றினீர்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றும்போது அது அவருடைய முகத்தில்தான் தெறிக்கும்.

*கேள்வி: காஸ் அடுப்பைக் கழுவிய பிறகு சுவாலை மஞ்சளாக எரிகிறது, சட்டி கரி பிடிக்கிறது.*
— வாசகி, வத்தளை

மூடிகள் ஈரம், அல்லது சரியாக உட்காரவில்லை. கழற்றி நன்றாக உலர்த்தி, தையல் ஊசியால் துளைகளைக் குத்தி, அசையாதபடி பொருத்துங்கள். பல்குத்தும் குச்சி உள்ளே முறிந்துவிடும். அதற்குக் கீழே காஸ் வரும் நுண்துளைக்குள் மட்டும் ஊசி விட வேண்டாம், துளை பெருத்தால் சுவாலை என்றைக்கும் மஞ்சள்தான். அடுப்பை நகர்த்தியிருப்பீர்கள் என்பதால் ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனையிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடி யன்னலைத் திறவுங்கள், மின் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். பல்கனிக் கதவையும் அடிவரை திறந்துவிடுங்கள்.