அறுபத்து மூன்று ரூபாய்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பர்சனல் கம்ப்யூட்டரை உலகுக்குத் தந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸா, பில் கேட்ஸா? கல்லூரியில் பேச வேண்டும். இருவருமே படிப்பைப் பாதியில் விட்டவர்கள். எனக்கும் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பை விடாதீர்கள். இதற்கு மேல் அதைப் பேச எனக்குப் பொறுமையில்லை. ஜாப்ஸா கேட்ஸா என்பது பட்டிமன்றத் தலைப்பு. 1975இல் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தபோது இருவரையும் யாருக்கும் தெரியாது. விசைப்பலகையும் திரையும் இல்லாத பெட்டி அது. முகப்பில் சுவிட்சும் விளக்கும்தான். சால்டரிங் பைத்தியங்கள் வாங்கினார்கள், சரி. கணக்கு வழக்கு பார்க்கிறவன் எப்போது வாங்கினான்? அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

என் அப்பா ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை. மார்ச் கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேரேடுகள் விரிந்து கிடக்கும், காலை வைக்க இடமிருக்காது. ஒரு வருஷம் 63 ரூபாய் உதைத்தது. "ஒம்பதால வகுபடுது. எங்கயோ இலக்கம் இடம் மாறிக் கெடக்கு" என்றார். மூன்றாம் நாள் ராத்திரி பிடித்துவிட்டார். 81 ரூபாயை 18 என்று எழுதியிருந்தார். ஆனால் பிடித்ததோடு தீருமா? அதற்குக் கீழே இருந்த கூட்டுத்தொகை ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி முடிக்கும்போது விடிந்துவிட்டது.

1978இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் வகுப்பில் உட்கார்ந்து யோசித்தது இந்த விடியலைத்தான். அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால், அதை நம்பியிருக்கும் எண்களெல்லாம் தாமே மாறினால் என்ன? நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் நிரல் எழுதினார். 1979இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் விசிகால்க் என்ற பெயரில் அது வந்தது. ஏறக்குறைய 100 டாலர் விலையுள்ள இந்த மென்பொருளுக்காகவே, அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். காப்புரிமை எடுக்கவில்லை, 1983இல் அதே வேலையைச் செய்யும் லோட்டஸ் 1-2-3 வந்து சந்தையை அள்ளிக்கொண்டு போனது. அது வேறு கதை.

அப்பாவின் தப்பை விசிகால்க் கண்டுபிடித்திருக்காது. அந்தக் கடைசி ராத்திரி தூங்கியிருப்பார், அவ்வளவுதான்.

பிரிக்லின் எம்.பி.ஏ.வை முடித்தார், தம்பி. ஐபிஎம் பிசி என்ற கம்ப்யூட்டருக்கு வந்த விசிகால்க்கைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். மொத்தம் 27,520 பைட்தான். பேசப் போகும் முன் இறக்கி, நாலு எண்ணைக் கூட்டச் சொல்லிவிட்டு ஒன்றை மாற்றிப் பாருங்கள்.