ஃபிளெக்ஸ் பை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து, கழற்றிப் போட்ட ஃபிளெக்ஸ் பேனரில் மார்க்கெட் பை தைத்து விற்கிறோம். "படத்துக்கு காப்பிரைட் உண்டு, கேஸ் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்" என்று ஒருவர் பயமுறுத்திவிட்டுப் போனார். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம். கொடுங்கையூர் குப்பைமேடு எரிந்த இரவுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவன் நான். ஃபிளெக்ஸ் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வரும். நீங்கள் தைக்கும் ஒவ்வொரு பையும் அந்தப் புகையில் கொஞ்சத்தைக் குறைக்கிறது.

சரி, சட்டம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் முக்கியமாகக் காப்பது நகலெடுக்கும் உரிமையை. ஒருமுறை விற்ற பிரதியை 14ஆவது பிரிவு 'ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது' என்று சொல்லி, அது மறுபடி கைமாறுவதைத் தடுக்காமல் விடுகிறது. காசு கொடுத்து அச்சடித்தவர் கழற்றி உங்களிடம் தருகிறார். நீங்கள் வெட்டித் தைக்கிறீர்கள். புதிதாக ஒரு நகல்கூட உருவாகவில்லை. கனடாவில் ஒரு கலைக்கூடம் போஸ்டரின் மையை உரித்து கேன்வாஸில் ஏற்றியது. ஓவியர் வழக்குக்குப் போனார். காகிதம் வெள்ளையாகிவிட்டது, இருந்த ஒரு பிரதி ஒன்றாகவே இருக்கிறது, ஆகவே இது நகலெடுப்பு அல்ல என்று 2002இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் 4 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 பேர் மறுபக்கம். நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கத்தரிக்கோல் செய்வதும் அதே வேலைதான்.

கவனிக்க வேண்டியது ரசிகர் மன்ற பேனரை. அதில் இருக்கும் ஸ்டில்லை யாரிடமும் கேட்காமல் இணையத்திலிருந்து எடுத்திருந்தால், அந்த பேனரே அனுமதியில்லாத நகல். அப்படிப்பட்ட நகலை விற்பதும் 51ஆவது பிரிவின்படி மீறல். அதனால் முகத்தை விட்டுவிடுங்கள். வெறும் வண்ணமும் உடைந்த எழுத்தும் வரும் துண்டுகளை மட்டும் வெட்டுங்கள். என்னிடம் இருக்கும் ஃபிளெக்ஸ் பையில் ஒரு 'ழ'வின் வால் மட்டும் சிவப்பாகச் சுழன்று கைப்பிடிக்கு அடியில் முடிகிறது. காசிமேட்டு மீன்தண்ணீர் பட்டுப் பட்டும் சாயம் போகவில்லை. படம் அழகாக இருக்கிறதே என்று அதை போட்டோ எடுத்துப் புதுப் பையில் அச்சடிக்க மட்டும் போகாதீர்கள். அங்கே பதிப்புரிமை குறுக்கே வரும்.

52ஆவது பிரிவில் பள்ளிக்கு, நூலகத்துக்கு என்று எத்தனையோ விலக்குகள். கழிவை மறுபடி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் நீங்கள் இப்படிப் பயந்து எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த வரி வர வேண்டும்.

அப்புறம், கம்பத்தில் தொங்குவதை நீங்களாக அவிழ்க்க வேண்டாம், அது இன்னொருவர் பொருள். பேனர் தருகிறவரிடம் தேதி போட்டு ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.