வாசகர் கேள்வி: எட்டாம் தொகுதி ஏன் கைவிட்டது?

கேள்வி: ஐயா, நான் சென்னையிலிருந்து திருமணமாகி மொரீசியஸ் வந்தவள். 2024 தேர்தலில் பிரதமரே எங்கள் எட்டாம் தொகுதியில் தோற்றது எப்படி என்று இன்னும் புரியவில்லை. சொல்லுங்களேன்.
- வாசகி, மோக்கா

பதில்: அம்மா, முதலில் ஓட்டுச் சீட்டைப் பாருங்கள். நம் தீவின் 20 தொகுதிகளிலும் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள் என்பதால் வாக்காளர் ஒவ்வொருவரும் சரியாக மூன்று சிலுவைக் குறி போட வேண்டும், ஒன்று குறைந்தாலும் கூடினாலும் சீட்டு செல்லாது. பலர் ஒரே அணியின் மூவருக்கும் சேர்த்தே குத்திவிடுவார்கள். அதனால்தான் காற்று ஒரு பக்கம் அடித்தால் எல்லாமே அடித்துக்கொண்டு போகிறது. நவம்பர் 10 அன்று அப்படித்தான், எதிர்க்கட்சித் தலைவர் நவீன் ராம்கூலமின் அணி தீவின் 60 இடங்களையும் வாங்கியது. 1982-லும் 1995-லும் இதே 60-0 நடந்திருக்கிறது.

உங்கள் எட்டாம் தொகுதியான மோக்கா-குவார்த்தியே மிலித்தேர், அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத்துக்கு 2009 இடைத்தேர்தல் முதல் கைகொடுத்த தொகுதி. அங்கேயும் விலைவாசி வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது, அப்புறம் அக்டோபரில் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அரசுத் தரப்பில் சமூக ஊடகங்களையே தடுத்து, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு சமூக ஊடகம் வழியே பேசும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய அடி! என்னைக் கேட்டால், அந்த ஒரு நாள்தான் தயங்கி நின்றவர்களையும் எதிர்ப்பக்கம் தள்ளியது.