டாலர் உங்களுக்கல்ல

கேள்வி: வீட்டு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. புத்தகத்தில் ‘$ பைத்தான்3’ என்று இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், தட்டினேன். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. இதில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி இல்லையா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உபுண்டுவோடு பைத்தான் கூடவே வந்துவிடும். இடைஞ்சல் அந்த $ தான். அது நீங்கள் தட்டவேண்டியதல்ல, கம்ப்யூட்டர் உங்களிடம் கேட்பது. வேலந்தாவளத்தில் நான் மளிகை வாங்கும் கடையில் “எந்தா வேண்டது?” என்பார்கள், என்ன வேண்டும் என்று. “எந்தா வேண்டது அரைக் கிலோ பருப்பு” என்றா பதில் சொல்வோம்? பருப்பை மட்டும் சொல்லுங்கள். அதாவது $ க்குப் பின்னால் இருப்பதைத் தட்டி என்டர்.

உடனே >>> என்று வரும். கடை மாறிவிட்டது, இப்போது கேட்பது பைத்தான். நம்ம ஊரில் சர்க்கரை என்று கேட்டால் தமிழ்க் கடையில் சீனி தருவார்கள், மலையாளக் கடையில் வெல்லம் வரும். இதுவும் அப்படித்தான். ‘சிடி டாகுமென்ட்ஸ்’ (cd Documents) என்றால் $ இருக்கும் இடத்தில் ஃபோல்டர் மாறும்; >>> முன்னால் அதையே தட்டினால் ‘சின்டாக்ஸ் எரர்’, அதாவது எழுதிய முறை தப்பு என்று வரும். தட்டுவதற்கு முன் வரியின் இடது ஓரத்தைப் பாருங்கள். புத்தகத்தில் என்ன குறி, திரையில் என்ன குறி? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பைத்தானை விட்டு வெளியேற கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் போதும்.

$ போய் வெறும் > வந்து நின்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்திருப்பீர்கள், அது மிச்சத்துக்குக் காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். அப்புறம், பாஸ்வேர்ட் கேட்கும்போது நீங்கள் தட்டுவது திரையில் தெரியாமல் இருக்கலாம். கீபோர்டு கெட்டுப்போகவில்லை.

சில புத்தகங்களில் $ இருக்கும் இடத்தில் # இருக்கும். அட்மின் அதிகாரத்தோடு செய்யும் வேலை என்று அர்த்தம். ஆனால் அதையும் சேர்த்துத் தட்டினால், வரி முழுவதையும் வெறும் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சும்மா இருந்துவிடும். நான் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றுவதற்காக ஒரு ராத்திரி இப்படிப் பத்து வரி தட்டினேன், # உட்பட. ஒரு பிழைகூட வரவில்லை. கை தேர்ந்துவிட்டது என்று நினைத்து, லேப்டாப்பை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் ஒன்றுமே ஏறியிருக்கவில்லை. உங்களுக்காவது தப்பு என்று சொன்னது.