இரண்டு கோடுகள் தெரிந்த பிறகு

எச்.ஐ.வி சுயபரிசோதனை பற்றி இளையோர் அனுப்பிய கேள்விகளுக்கு, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

கோண்டாவில், 22 வயது: வாய்நீர்ப் பரிசோதனை செய்து பார்த்தேன். இரண்டு கோடுகள், ஒன்று மிக மங்கல். மூன்று நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி, இரண்டு கோடு என்றால் தொற்று இருக்கலாம் என்று பொருள். மங்கலான கோடும் கோடுதான். ஆனால் அதை வைத்து நோய் உறுதி என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். அந்தக் குச்சி வைரஸைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. சிலவேளை தவறாகவும் காட்டும். இரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். நாளை காலையே யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். வேறு வைத்தியரின் கடிதம் வேண்டாம், கட்டணமும் இல்லை. "வீட்டில் பரிசோதித்தேன், இரண்டு கோடு" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். இன்னொரு பெட்டி வாங்கி மறுபடியும் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே மாதங்களை இழந்துவிட்டு வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இன்றும் மனம் ஆறவில்லை. உறுதியானால் மாத்திரையைத் தாமதமின்றித் தொடங்கலாம். உடல் மெலியும்வரை காத்திருந்த காலம் போய்விட்டது.

சாவகச்சேரி, 19 வயது, பெண்: பரிசோதிக்க யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகப் பயம். அங்கே என் பெரியம்மாவின் மகள் வேலை செய்கிறார்.

தங்கச்சி, இந்தப் பயம் சிறியதல்ல. வாசலில் நிற்பதை ஒருவர் கண்டால் மாலைக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் ஊர் நமது. வவுனியாவிலும் கொழும்பிலும் இதே சேவை இலவசமாக உண்டு. முதல் பரிசோதனையை அங்கே செய்யுங்கள். ஆனால் சிகிச்சை என்று வந்தால் அது வாழ்நாள் முழுவதும். ஒவ்வொரு முறையும் தூர பஸ் ஏறுவதென்றால் ஒருநாள் மருந்து விடுபடும். அதனால் பிறகு இங்கே மாறுவதானால், முதல் நாளே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்: இன்னார் என் உறவினர், என் கோப்பு அவர் கைக்குப் போகக் கூடாது.

நெல்லியடி, 24 வயது: நேற்று முன்தினம் இரவு பாதுகாப்பில்லாமல் உறவு. இன்று சோதித்தேன், ஒரு கோடுதான். நிம்மதியாக இருக்கலாமா?

இல்லை. இந்தச் சோதனை மூன்று மாதம் கழித்துத்தான் உறுதியாகச் சொல்லும். ஆனால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் தொற்றைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறது, 28 நாள் எடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மிச்சத்தை வாசிக்காமல் இப்போதே புறப்படுங்கள். கிளினிக் பூட்டியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பருத்தித்துறை, 26 வயது: எச்.ஐ.வி உள்ளவருக்குத் திருமணம், பிள்ளை?

இரண்டும் முடியும். மாத்திரையை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது.

திருநெல்வேலி, 21 வயது: என் நண்பனுக்கு இரண்டு கோடு. என்ன சொல்வது?

அறிவுரை வேண்டாம். அவனோடு கூடப் போங்கள். உள்ளே வரவேண்டாம் என்றால், அவன் வெளியே வரும்வரை வாங்கில் இருங்கள்.