வாசகர் கேள்வி – பதில்: நாகப்பட்டினத்து பாய்லர் மேக்கரின் ஓல்டம் வீடு

கேள்வி: என் அம்மாவின் தாத்தா ஓர் ஆங்கிலேயர். நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேயில் பாய்லர் மேக்கராக (கொதிகலன் செய்பவராக) இருந்தார். 1904இல் இங்கேயே ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டு, கடைசி வரை ஊர் திரும்பாமல் இருந்துவிட்டார். அவருடைய திருமணப் பதிவின் நகலும் ஒரு பைபிளும் எங்களிடம் இருக்கின்றன. பைபிளின் உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் ‘மெதடிஸ்டு ஞாயிறு பள்ளி, ஓல்டம், 1889’ என்று அச்சிட்டு, பரிசு பெற்றவராக அவர் பெயரை எழுதியிருக்கிறார்கள். அங்கே அவர்கள் மில் வேலைக்காரர்கள் என்று அவருடைய மகளான என் பாட்டி சொல்வார். அப்படிப்பட்ட ஏழைக் குடும்பத்தைப் பற்றி இங்கிலாந்தில் ஏதாவது ஏடு இருக்குமா? இணையத்தில் தேடினால் அதே பெயரில் எண்ணற்றவர்கள் வருகிறார்கள்.
— எம்.எஸ்., வெளிப்பாளையம், நாகப்பட்டினம்

பதில்: முதலில் அந்தச் சீட்டை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பசை காய்ந்து அது உதிர்ந்துபோனால் உங்களிடம் உள்ள மிகச் சிறந்த தடயம் போய்விடும். ஓல்டம் போன்ற, வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பஞ்சாலை நகரங்களில், ஞாயிறு பள்ளிக்குத் தவறாமல் வந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் பரிசளிப்பது வழக்கமாக இருந்தது. 1889இல் உங்கள் கொள்ளுத் தாத்தா ஓல்டத்தில் வளர்ந்துகொண்டிருந்த சிறுவன் என்பதை அந்தச் சீட்டு உறுதிசெய்கிறது. குடும்பம் மெதடிஸ்டு சபையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதற்கும் அதுவே குறிப்பு. ஆகவே ஞானஸ்நானப் பதிவை, இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் ஏட்டில் மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மெதடிஸ்டு போன்ற சபைகளின் சிற்றாலயங்களுக்கு ஏடுகள் தனி. அவற்றைப் பற்றி ஓல்டம் நகரின் உள்ளூர் வரலாற்று ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

ஏழைகளுக்கு ஏடு இருக்குமா என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவரின் பெயர் பட்டாவில் நிற்கும்; அந்த நிலத்தில் நாற்று நட்டவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் நிற்காது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளியின் நிலை இந்த ஒரு விஷயத்தில் வேறு. 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவு செய்யத் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 1841 முதல் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் தொழிலும் இருக்கின்றன. 1851 முதல் உறவுமுறை, பிறந்த ஊர் ஆகியவையும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் ஆடல் மகளிரை), எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓல்டத்தின் கணக்கேடும் ஏறக்குறைய அதே ஒழுங்கில் தெருத் தெருவாக, வீடு வீடாகச் செல்கிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள். வீட்டைத் தேடினால் ஆள் கிடைப்பார்.

உங்களிடம் உள்ள திருமணப் பதிவில் மணமகனின் வயதும் அவருடைய தந்தையின் பெயரும் இருக்க வேண்டும். வயது 26 என்று இருந்தால், அவர் பிறந்தது 1877 அல்லது 1878 என்று கொள்ளலாம். ஓரிரு ஆண்டு முன்பின் இருப்பது சகஜமென்பதால் 1875 முதல் 1880 வரை பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில், பிறந்த பிள்ளையின் பெயரோடு தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். இதுதான் நமக்குப் பிடிகயிறு. ஓல்டம் பதிவு மாவட்டத்தில் அந்த ஆண்டுகளில் பிறந்த அதே பெயருடைய ஆண் பிள்ளைகளை எல்லாம், தாயின் குடும்பப் பெயரோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ராய்டன், சாடர்டன் போன்ற பக்கத்து ஊர்களும் அதே பதிவு மாவட்டத்தில்தான் அடங்கியிருந்தன.

அடுத்து 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த கணக்கைத் திறந்து, உங்கள் திருமணப் பதிவில் உள்ள தந்தையின் பெயரைக் குடும்பத் தலைவராகக் கொண்டு, மூன்று வயது ஒட்டிய மகனும் இருக்கிற வீட்டைத் தேடுங்கள். அந்த ஆண்டின் கணக்கு, வம்சாவளி தேடுவதற்கான ஃபேமிலிசெர்ச் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டு மூன்று வீடுகள் பொருந்தி வந்தால் 1891ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அப்போது பையனுக்கு 13 வயதிருக்கும், அவனும் எங்காவது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஓல்டம் நூற்பாலைகளுக்குப் பேர்போனது. நூற்பு இயந்திரங்கள் செய்த பிளாட் பிரதர்ஸ் தொழிற்சாலையும் அங்கேதான் இருந்தது. அந்த ஆலைகளெல்லாம் நீராவியால் ஓடியவை என்பதால், பாய்லர் வேலை கற்றவனுக்கு அந்த ஊரில் வேலைக்குப் பஞ்சம் இருந்திருக்காது. வீடு இன்னதென்று தெரிந்த பிறகு, அண்ணன் தம்பிகள் சிலரின் பிறப்புப் பதிவுகளையும் அட்டவணையில் பாருங்கள். எல்லோருக்கும் தாயின் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் குடும்பம் உறுதியாகிவிடும். பிறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் கட்ட வேண்டியது அதற்குப் பிறகுதான்.

ஓர் எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த மயிலாடுதுறைக் குடும்பம் ஒன்று, பெயரும் வயதும் பொருந்திய முதல் பையனையே தங்கள் முன்னோர் என்று கொண்டு, அவனுடைய பாட்டன் பூட்டன் வரை இரண்டு ஆண்டுகள் எழுதிக்கொண்டே போனது. பிறகு நான் இறப்பு அட்டவணையைப் புரட்டியபோது, அந்தப் பிள்ளை நான்கு வயதிலேயே இறந்திருந்தது தெரியவந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது எனக்கு மிகவும் சங்கடமான நாள். ஆகவே உங்கள் தாளில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் இறப்பு அட்டவணையையும் பார்த்து, சிறு வயதில் இறந்தவர்களை அடித்துவிடுங்கள். அந்த நகரங்களில் பிள்ளைச் சாவு அவ்வளவு அதிகம்.

நம் ஊர்ப் பக்கத்து ஏடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் பாதை 1861இல் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920களின் பிற்பகுதியில் திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் படிகள் அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணத் தொகுப்பில் உள்ளன. ரயில்வே கம்பெனிகள் இங்கிலாந்தில் ஆள் எடுத்தபோது எழுதிய ஆவணங்களில் ஒரு பகுதியும் அங்கேயே உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இணையத் தேடல் இலவசம்.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு தாள் உண்டு. 1901 வரையிலான கணக்குகளில் நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் படியெடுத்து எழுதியது. 1911 கணக்கில்தான் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவமே காக்கப்பட்டிருக்கிறது. மணமான பெண் எத்தனை பிள்ளைகள் பெற்றார், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்தப் படிவம் கேட்டது. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெற்றோர் அன்றைக்கு இருவருமாக இருந்திருந்தால், ‘உயிரோடு இருப்பவர்கள்’ என்ற கட்டத்தில் அவர்கள் எழுதிய எண்ணிக்கையில் நாகப்பட்டினத்தில் இருந்த மகனும் ஒருவராக அடங்கியிருப்பார்.

கேள்வி: எங்கள் மருமகன் இங்கிலாந்தின் போல்டன் நகரத்தைச் சேர்ந்தவர். பேரனுக்காக இரு வீட்டு வம்சாவளியையும் எழுதி வருகிறோம். அவருடைய கொள்ளுப் பாட்டிக்கு 1891 கணக்கில் வயது 11, தொழில் ‘ஹாஃப் டைமர், காட்டன் மில்’ என்று இருக்கிறது. அவருடைய தாயின் திருமணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருக்கிறது. இவற்றின் பொருள் என்ன?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: ‘ஹாஃப் டைமர்’ என்றால் பாதி நாள் பஞ்சாலையிலும் பாதி நாள் பள்ளியிலும் இருந்த பிள்ளை என்று பொருள். 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாட்டை வகுத்தது. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் இதற்கு முடிவுகட்டியது. அதே ஏடுகளில் ‘பீஸர்’ என்ற சொல்லையும் பார்ப்பீர்கள். நூற்கும்போது அறுந்த இழையை, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலேயே விரலால் இணைக்கிற பிள்ளை அது. திருபுவனத்துத் தறி வீடுகளை அறிந்த உங்களுக்கு, அந்த விரல்கள் செய்த வேலையை நான் விளக்க வேண்டியதில்லை.

பெருக்கல் குறி, அந்தப் பெண் தம் பெயரை எழுதவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. இங்கிலாந்தில் தொடக்கக் கல்வி கட்டாயமானது 1880இல்தான். அவருடைய திருமணம் அதற்கு முந்தியதாகவே இருக்கும். குறிக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதியவர் பாதிரியார் அல்லது பதிவாளர் என்பதால், எழுத்துக்கூட்டல் அவர் காதில் விழுந்தபடி இருக்கும். ஆகவே அந்தக் குடும்பப் பெயரைத் தேடும்போது, ஒலி ஒத்த மற்ற எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடுங்கள். அதே பதிவில் சாட்சிகளாக ஒப்பமிட்ட இருவரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் மணமக்களின் உடன்பிறந்தவர்களாகவோ தோழமையினராகவோ இருப்பார்கள்.