ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு பசங்க கேம் ஆடலாமா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேம் பேர எழுதி வாங்குங்க

பல்லடத்துக்குப் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காருங்க. தறிக்குடோன் வெச்சிருக்காரு, ரெண்டு பசங்க, பெரியவன் கோயமுத்தூர்ல காலேஜ், சின்னவன் இப்பத்தான் பிளஸ் டூ முடிச்சிருக்கான், ரெண்டு பேருக்கும் கேமிங் கம்ப்யூட்டர் வேணுமாம். கடைக்காரர் "எதுக்குங்க ரெண்டு, பெருசா ஒன்னு வாங்கீட்டா வெர்ச்சுவல் மெஷின் போட்டு உள்ளாரயே ரெண்டாப் பிரிச்சுக் குடுத்தர்றேன், கரண்டும் மிச்சம், எடமும் மிச்சம்"னு சொல்லி 1,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன் குடுத்திருக்காரு. அட்வான்ஸ் 20,000 கேக்கறாராம். குடுக்கலாமுங்களான்னு கேள்வி.

இப்பத்திக்கு குடுக்காதீங்கண்ணா. மொதல்ல பசங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, பொழுதுக்கும் என்ன கேம் ஆடறீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க. அந்தச் சீட்ட பாக்காம யாரு கொட்டேஷன் போட்டாலும் அது உங்களுக்குப் போட்ட கொட்டேஷன் இல்லீங்க.

ஏன்னு சொல்றேன். வெர்ச்சுவல் மெஷின்ங்கறது ஒரு ஊட்ட நடுவுல தடுத்து ரெண்டு குடித்தனம் வெக்கற மாதிரி. அடியில ப்ராக்ஸ்மாக்ஸ், அன்ரெய்டு மாதிரி லினக்ஸ் (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஒன்னு ஓடும், அதுக்கு மேல ரெண்டு விண்டோஸ் தனித்தனியா ஓடும். ப்ராசசர் கோர்ல பாதி இவனுக்குப் பாதி அவனுக்கு, ரேம் 32 ஜிபி இருந்தா ஆளுக்கு 14 குடுத்துட்டு அடியில இருக்கறதுக்கு 4 விட்டுரலாம். இது வரைக்கும் கடைக்காரர் சொல்றது நெசந்தான். ஆனா கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் சமையக்கட்டு மாதிரிங்க, ஆளுக்கு ஒன்னு தனியா வேணும். ஒரே கார்ட ரெண்டாப் பிரிச்சுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நாம கடையில வாங்கற ஜீஃபோர்ஸ் கார்டுக்கு அந்த வசதிய என்விடியாக்காரங்க அதிகாரப்பூர்வமா குடுக்கறதே இல்ல. ஆக, ரெண்டு கார்டு, ரெண்டு மானிட்டர், ரெண்டு கீபோர்டு, ரெண்டு எஸ்எஸ்டி, ரெண்டு விண்டோஸ் லைசென்ஸ், இதுல எதுவுமே கொறையாது. மிச்சமாகறது கேபினெட்டும் கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு மதர்போர்டுந்தான், அந்த மிச்சமும் ரெண்டு பேருக்குப் பத்தற மாதிரி பெரிய ப்ராசசரும் நல்ல போர்டும் வாங்கறதுலயே பெரும்பாலும் ஈடாப் போயிருமுங்க.

கரண்டு மிச்சம்னாரே, அதையும் கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு மெஷினுக்குப் பதிலா ஒன்னு ஓடறதுல 50 வாட் மிச்சம்னே வெச்சுக்கலாம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 60 நாளைக்கு 18 யூனிட். ரெண்டு மாச பில்லுல 18 யூனிட்டுக்காக யாராச்சும் இத்தன பெரிய வேலையில எறங்குவாங்களா?

இப்ப அந்தச் சீட்டுக்கு வர்றேன். அதுல வாலரண்ட்னு ஒரு பேரு இருந்தா கத அங்கயே முடிஞ்சுது. அந்த கேமோட வேங்கார்டுன்னு ஒரு காவல் ப்ரோக்ராம் வரும், கள்ளாட்டம் ஆடறவங்கள புடிக்கறதுக்கு, அது விண்டோஸுக்கு அடி வரைக்கும் போய் பாத்து, வெர்ச்சுவல் மெஷின்னு தெரிஞ்சா கேம ஆட உடாது. அத ஏமாத்தறதுக்கு வழி இருக்குன்னு யூடியூப்ல வீடியோ போடறாங்க, அதப் பாத்து செஞ்சு பையனோட அக்கவுண்டு பேன் ஆயிட்டா அவன் வருஷக்கணக்குல சேத்து வெச்சது பூராவும் போயிரும். கடைக்காரரு அன்னிக்கு போன எடுக்க மாட்டாரு. ஆன்லைன் போட்டி கேமுக இன்னும் நெறையா இப்புடித்தான். நேர்மையா ஒரே ஊட்டுல ரெண்டு பேரு ஆடணும்னு நெனைக்கறவனையும் கள்ளாட்டக்காரனையும் ஒரே தராசுல வெக்கறாங்க இந்த கம்பெனிக்காரங்க, எழுதிக் கேட்டா 'சப்போர்ட் இல்லை'ன்னு ஒரு வரி பதில், எனக்கு இதுல நெம்ப நாளா கோவம் உண்டுங்க. தனியா கத ஆடற கேமு, மைன்கிராஃப்ட், ஃபோர்ஸா, ஜிடிஏ ஃபைவ்ல ஸ்டோரி மோடு இப்புடின்னா பெருசா தொந்தரவு இல்ல.

அடுத்தது மதர்போர்டு. இங்கதான் நம்ம பக்கத்து கடைக்காரங்க நெறையப் பேரு வழுக்கி உழறாங்க. பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங்ல, விடி-டின்னு இன்டெல்லுக்கு, ஐஓஎம்எம்யூன்னு ஏஎம்டிக்கு ஒரு செட்டிங் இருக்கு, அது இருந்தாத்தான் ஒரு கார்ட அப்புடியே ஒரு விண்டோஸுக்கு எழுதிக் குடுக்க முடியும். ஆனா அது இருந்தா மட்டும் பத்தாது. போர்டுல இருக்கற சாமானுகள சின்னச் சின்னக் கூட்டமா பிரிச்சு வெச்சிருக்கும், ஒரு கூட்டத்த முழுசாத்தான் ஒருத்தனுக்குக் குடுக்க முடியும். பி550 மாதிரி போர்டுல கார்டு சொருகற ரெண்டாவது நீள ஸ்லாட்டு பெரும்பாலும் ப்ராசசர்ல இருந்து நேரா வராம சிப்செட்டுங்கற நடு சிப்பு வழியா வர்றது, வேகமும் நாலு லேன் (டேட்டா போற பாதை) மட்டும், அதே கூட்டத்துல நெட் கேபிள் போர்ட்டு, ஹார்டுடிஸ்க் சொருகற சாட்டா, யூஎஸ்பி எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும். இதப் பிரிக்கறதுக்கு ஒரு ஒட்டு வேல இருக்கு, நான் செய்ய மாட்டேன், ஊட்டுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். ரெண்டு ஸ்லாட்டும் ப்ராசசர்ல இருந்து நேரா எட்டு எட்டு லேனாப் பிரியற போர்டு வேணும், எக்ஸ்570-ல அப்புடி வர்ற மாடல் பல இருக்கு. ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி கார்டு எப்புடியும் எட்டு லேன்தான் கேக்கும், அதுனால அதுல நஷ்டமும் இல்ல. கடைக்காரர்கிட்ட ஒன்னே ஒன்னு கேளுங்க: "பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு ரெண்டு கார்டும் தனித்தனி கூட்டத்துல இருக்கறத எனக்குக் காட்டறீங்களா?" தெரிஞ்சவரு பத்து நிமிஷத்துல காட்டீருவாரு. பேச்ச மாத்துனா எந்திரிச்சு வந்துருங்க.

நான் நெம்ப பயப்படறது இதுக்கு அடுத்ததுதானுங்க. உங்க கொட்டேஷன்ல ப்ராசசர்னு இருக்கற எடத்துல 'ஜியான் 14 கோர் 28 த்ரெட்'னு எழுதியிருக்கான்னு பாருங்க. இ5-2680 வி4-ன்னு ஒரு பழைய சர்வர் ப்ராசசரு, 2016-ல வந்தது, எங்கியோ டேட்டா சென்டர்ல இருந்து கழிச்சுப் போட்டத சைனா எக்ஸ்99 போர்டுல சொருகி இங்க வித்துட்டு இருக்காங்க. கோர் எண்ணிக்கையும் லேனும் பாத்தா இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், 40 லேன் இருக்கு. ஆனா ஒத்தைக் கோர் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸத் தாண்டாது, கேமுக்கு அதுதான முக்கியம், ரெண்டாப் பிரிச்சா பசங்க ரெண்டு பேருமே திட்டுவாங்க. அந்த போர்டு போயிருச்சுன்னா வாரண்டி கேக்க ஆளே கெடையாது.

கார்டுலயும் அப்புடித்தான். கிராஃபிக்ஸ் கார்டு வெச்சு இத்தீரியம்ங்கற கிரிப்டோ காசு சம்பாதிக்கற மைனிங் 2022 செப்டம்பர்ல நின்னதுக்கப்பறம் ராத்திரி பகலா ஓடுன கார்டுக மூட்ட மூட்டயா கைமாறுச்சு. ஆர்எக்ஸ் 580-ன்னு சொல்லி 2048எஸ்பி-ன்னு ஒரு மாடல் தருவாங்க, அது உள்ளுக்குள்ள 570 மாதிரி, 2048 ஷேடர்தான் (படத்துக்குக் கணக்குப் போடற சின்ன யூனிட்டு), நெசமான 580-ல 2304 இருக்கும். அதுபோக, அந்த வரிசை ஏஎம்டி கார்டுகளுக்கு இந்த வேலையில ஒரு தீராத சீக்கு உண்டு. சூலூர் பக்கம் ஒரு ஊட்டுல நானே பாத்தது, பெரிய பையனோட விண்டோஸ் ஹேங் ஆச்சு, அத மட்டும் நிறுத்தி மறுக்கா ஆரம்பிச்சா கார்டு முழிக்கவே மாட்டேங்குது, ஸ்க்ரீன் கருப்பாவே நிக்குது. மொத்த மெஷினையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் உயிர் வருது. அந்த நேரம் சின்னவன் பக்கத்து மானிட்டர்ல ஆட்டத்துக்கு நடுவுல இருக்கான், "அண்ணா ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்"னு கத்தறான், பெரியவன் பவர் பட்டன்ல வெரல வெச்சுக்கிட்டு நிக்கறான். அவங்கம்மா வந்து ரெண்டு பேரையும் சாப்புடக் கூட்டீட்டுப் போனாங்க. இதுக்கு என்விடியா தேவலாமுங்க, 2021-ல 465 டிரைவர் வந்ததுல இருந்து ஜீஃபோர்ஸ் கார்ட வெர்ச்சுவல் மெஷின்ல ஓட்ட அவங்களே அனுமதிச்சுட்டாங்க, வெர்ச்சுவல் மெஷின்னு தெரிஞ்சா கார்டு ஓடாம முன்ன வந்துட்டிருந்த கோட் 43-ங்கற எர்ரர் தகராறு இப்ப இல்ல. இன்னும் சிலபேரு அந்தக் கோட் 43-ஐச் சொல்லி செட்டிங் சார்ஜ்னு தனியா காசு கேக்கறாங்க, குடுக்காதீங்க.

பில்லு. "பில் வேணும்னா 18 பர்சன்ட் எச்சு ஆகும்"னு சொல்றாங்க பாருங்க, அதுக்கு மட்டும் தலையாட்டாதீங்கண்ணா. கார்டோட சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாம நாளைக்கு வாரண்டிக்கு நின்னா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். பில் இருந்தாலே நம்மள என்ன பாடு படுத்தறாங்கன்னு எனக்குத் தெரியும், நான் ஒரு கார்ட குடுத்துட்டு ஏழு வாரம் காத்திருந்தேன், போன் பண்ணா "பார்ட் வரலீங்க"ன்னு ஒரே பாட்டு, கடைசில வந்தது வேற யாரோ ஓட்டுன பழைய கார்டு. பில் கையில இருந்ததுனால 1915-க்கு, நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, போன் போட்டுச் சண்ட புடிக்க முடிஞ்சுது. விண்டோஸ் கீ 500 ரூபாய்னு தர்றதும் பில் இல்லாத சாமான் ரகந்தான், நாளைக்குக் கேக்க ஆள் இருக்காது.

சரி, யாருக்குமே இது ஆகாதான்னா, ஒருத்தருக்கு ஆகுமுங்க, அத நான் தெளிவாச் சொல்லணும். திருப்பூர்ல பிரிண்டிங் டிசைன் பண்றவரு ஒருத்தரு என்கிட்ட வந்தாரு. பகல்ல அவருக்கு பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல பனியன் மாடல் ரெண்டர் பண்ணணும், அதாவது மாடல முழுப் படமா ஆக்கணும், அதுக்கு 16 கோர் ப்ராசசரும் ரெண்டு கார்டும் ஏற்கனவே வாங்கி வெச்சிருந்தாரு, ரெண்டர் பண்றப்ப ரெண்டு கார்டும் சேந்து வேல செய்யும். பொழுதோட கட சாத்துனா அந்த மெஷின் சும்மா நிக்குது, ஊட்டுல ரெண்டு பசங்க. அவருக்கு எஸ்எஸ்டி ரெண்டு, மானிட்டர் ஒன்னு, அப்பறம் லைசென்ஸ், மவுஸ் மாதிரி சில்லறை, இது மட்டுந்தான் புதுச் செலவு. ரைசன் 5950எக்ஸ் வெச்சிருந்தாரு, அதுக்குள்ள எட்டு எட்டு கோரா ரெண்டு துண்டுதான், ஆளுக்கு ஒரு துண்டுன்னு கட்டிவெச்சா ஒருத்தன் லோடு இன்னொருத்தன் மேல உழுகறது கொறையும். பகல்ல ரெண்டு வெர்ச்சுவல் மெஷினையும் (விஎம்) அணச்சுட்டு அவரோட விண்டோஸ தனியா நேரா பூட் பண்ணிக்குவாரு. பசங்க ரெண்டு பேரும் கத கேம்தான் ஆடறது, வாலரண்ட் கெடையாது, அதையும் கேட்டுட்டுத்தான் கைய வெச்சேன். இப்புடி மெஷின் முன்னாடியே இருந்து, வேற வேலைக்கு வாங்கியிருந்து, சும்மா நிக்கற நேரம் இருந்தா மட்டுந்தான் இது லாபம். புதுசா கேமுக்குன்னே வாங்கறதுக்கு இல்ல.

அவரு ஊட்டுலயும் ஒரு சிக்கல் வந்துச்சு, சின்ன விஷயம், ஆனா அரை நாள் தின்னுருச்சு. காந்திபுரத்துல ஒரே மாடல் மவுஸு ரெண்டு வாங்கீட்டு வந்துட்டாரு. மவுஸ அதோட ஐடி நம்பர வெச்சுத்தான் விஎம்-முக்குக் குடுத்தேன், ரெண்டுக்கும் ஒரே நம்பரு, எது யாருதுன்னு மெஷினுக்குத் தெரியல. கடைசில ஒன்ன திருப்பிக் குடுத்து வேற கம்பெனி மவுஸ் வாங்குனப்பறம் சரியாச்சு. யூஎஸ்பி போர்ட்ட முழுசா பிரிச்சுக் குடுத்தா இன்னும் நல்லது. சத்தத்துக்கு எதுவும் வேண்டாம், கார்டோடவே ஹெச்டிஎம்ஐ வழியா வந்துரும், மானிட்டர்ல ஆடியோ ஜாக் இருந்தா ஹெட்செட்ட அதுல சொருகிக் கேட்டுக்கலாம்.

உங்க ஏரியாவுல தறி ஓடறப்ப வோல்டேஜ் ஏறி எறங்கும், அதையும் நெனைங்க. ரெண்டு 4060 சேந்து 230 வாட், 5950எக்ஸ் முழு லோடுல 142, மானிட்டர் வேற. சாதா 600 விஏ யூபிஎஸ் 360 வாட்டுக்குத்தான் தாங்கும், கரண்டு போன ஒடனே ரெண்டு பேரு ஆட்டமும் ஒன்னா அணஞ்சுரும். தனித்தனி மெஷின்னா தனித்தனி சின்ன யூபிஎஸ் போதும், ஒன்னு ரிப்பேருக்குப் போனாலும் இன்னொருத்தன் படிக்கவாச்சும் செய்வான்.

பெரியவன் ஹாஸ்டலா, ஊட்டுல இருந்து பஸ்ல போறானான்னு நீங்க எழுதலீங்க. ஹாஸ்டல்னா இந்தப் பேச்சே வேண்டாம், அவனுக்கு லேப்டாப் வாங்குங்க. ஊட்டுலதான்னா, சீட்டுல வாலரண்ட் இருந்துச்சுன்னா கொட்டேஷன திருப்பிக் குடுத்துட்டு ஆறு கோர் மெஷின் ரெண்டுக்கு ஜிஎஸ்டியோட வெல கேளுங்க. இல்லீன்னா கொட்டேஷன்ல இருக்கற போர்டு மாடல், ப்ராசசர், கார்டு, மூனையும் முழுப் பேரோட எழுதி அனுப்புங்கண்ணா, பாத்துச் சொல்றேன், அது வரைக்கும் அந்த 20,000 உங்க பீரோவுலயே இருக்கட்டும்.